விளையாடியவர் ஊருக்குத் தரக்கூடியது



சென்ற சாரல் பருவத்தில் செங்கோட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். நம் மஹல்லாப் பிள்ளை ஒருவன் கைப்பந்தில் மாநில அளவிலான போட்டிக்குத் தேர்வாகியிருந்தான். மேடையில் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை. ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த முன்னாள் ஆட்டக்காரர் இருவர், அணிக்கான சீருடைக்கும் காலணிக்கும் ஆகும் தொகையை அங்கேயே அறிவித்தனர். தக்பீர் முழங்கியது. அல்ஹம்துலில்லாஹ், மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்தவர் கடைசி வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத ஓரத்தில் அமர்ந்திருந்தார்.

அவரைப் பிள்ளைகள் ‘மாமா’ என்றே அழைப்பர். தென்காசி தனி மாவட்டமாவதற்கு வெகு காலம் முன்பு, திருநெல்வேலி மாவட்ட அணிக்கு ஆடியவர். பிரானூர்ப் பக்கம் மர அறுவை மில் ஒன்றில் கணக்கெழுதுகிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அஸர் தொழுகை முடிந்ததும் வலையைத் தோளில் சுமந்து சென்று, மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை பிள்ளைகளை ஆடவைத்து, பிறகு அவர்களைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வருவார். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. இப்போது அவருடைய இரண்டு முழங்கால்களும் ஒத்துழைப்பதில்லை. அன்றைய கூட்டத்தில் அவர் பெயரை எவரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றுண்டு. அவரிடம் பயின்றவர்களில் பாதிப்பேராவது இன்று நல்ல நிலையில் இருக்கின்றனர். அவருக்குப் பின் அந்த வலையைச் சுமக்க அவர்களில் ஒருவரும் முன்வரவில்லை.

விளையாட்டில் சிறந்தவர் தம் ஊருக்கு எதைத் திருப்பித் தர வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடாது தொடர்கிறது. பணம் தருவது எளிது என்று சொல்ல மாட்டேன். பாலைவெயிலில் உழைத்து ஈட்டிய பணத்தை அப்படிச் சொல்வது நன்றிகெட்ட பேச்சாகும். ஆயினும் பணத்தை அனுப்ப முடியும், நேரத்தை அனுப்ப முடியாது. ஒரு பிள்ளையின் தவறான தாவலைக் கண்டு, “இடக்காலை முன்னே வை” என்று சொல்ல ஒருவர் அருகில் நின்றாக வேண்டும்.

இதை மார்க்கத்திற்குப் புறம்பான பேச்சாக எவரும் கருத வேண்டாம். பெருநாளொன்றில் அபிசீனியர்கள் ஈட்டிகளோடும் கேடயங்களோடும் பள்ளிவாசலிலேயே விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அதைக் கண்டுகளிக்க நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்றதையும் புகாரியில் காண்கிறோம். அதே நூலில் குதிரைப் பந்தயம் பற்றிய செய்தியும் உண்டு. பயிற்சியளிக்கப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரத்தையும், பயிற்சியளிக்கப்படாதவற்றுக்குக் குறுகிய தூரத்தையும் பெருமானார் (ஸல்) வகுத்தளித்தார்கள். வலியவனையும் எளியவனையும் ஒரே அளவுகோலில் ஓடவிட்டு எளியவனை அவமானப்படுத்தக் கூடாதென்பது எந்தப் பயிற்றுநரும் முதலில் கற்க வேண்டிய பாடம். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பிக்க வேண்டும் என்பதை நபிமொழியாகவே பலரும் பகிர்கின்றனர். அறிஞர்கள் பலர் அதனை உமர் (ரழி) அவர்களின் கூற்றாகக் கொள்கின்றனர். யாருடைய சொல்லாயினும், கற்பிக்க ஒருவர் வேண்டும் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

நம் காலத்து எடுத்துக்காட்டை வட சென்னையில் காணலாம். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற காசிமாவை நாம் அறிவோம். அப்போது அவருக்கு வயது பதினேழு. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்தவர். தந்தை ஆட்டோ ஓட்டுநர். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. நாளேடுகள் படங்களோடு எழுதின. நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரம் வாழ்த்துகள் குவிந்தன. அந்தச் செய்திகளில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது ஒற்றை வரிதான். தந்தை தம் பகுதிப் பிள்ளைகளுக்காகக் கேரம் பயிற்சி மையம் ஒன்றை நடத்தி வந்தவர் என்பதே அது. பகலெல்லாம் ஆட்டோ ஓட்டிய மனிதர், மற்றவர் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பலகையை விரித்து வைத்தார். உலகக் கோப்பை அந்தப் பலகையிலிருந்துதான் புறப்பட்டது. ஒரு கோடி ரூபாயைப் பற்றிப் பேசிய அளவில் நூறில் ஒரு பங்காவது நாம் அந்தப் பலகையைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்கும் போய் வருவோம். தங்கராசு நடராஜனின் கதை தமிழ்நாடு முழுதும் அறிந்தது. கூலி வேலை செய்த தந்தை, சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்ட தாய், இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆட்டம். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்திற்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகச் சென்றவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். ஊரில் தம்மைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துச் சென்ற ஜெயப்பிரகாஷ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகளைத் தம் பெயரோடு சேர்த்துச் சட்டையில் பொறித்துக்கொண்டவர் அவர்.

நடராஜன் புகழ் பெற்ற பிறகு ஊரில் பயிற்சிக்கூடம் தொடங்கியவர் அல்லர். ஆஸ்திரேலியப் பயணத்திற்கு முன்பே சின்னப்பம்பட்டியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவ்வூர்ப் பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் ஐந்து விக்கெட் வீழ்த்தியது அந்த உழைப்பின் விளைச்சல். பிறகு 2023 ஜூனில் தம் பெயரிலான கிரிக்கெட் மைதானத்தையே அங்கே திறந்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். இந்த வரிசை முக்கியமானது. முதலில் தம் நேரம், பிறகு தம் பணம். நம் ஊர்களில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நேரத்தின் முறை வருவதேயில்லை.

அதே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றதும், பரிசுத் தொகையிலிருந்து முப்பது இலட்சம் ரூபாயைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு அளிப்பதாக அறிவித்தார். தாய் காய்கறி விற்று வளர்த்த பிள்ளை. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உழைப்பையும் பொருளையும் தவிர விளையாடியவர் தரக்கூடிய மூன்றாவது ஒன்றும் உண்டு: குரல். இது மிகவும் விலையுயர்ந்தது. தருபவரே அதற்கு விலை கொடுக்க நேரும். முஹம்மது அலீ 1967 ஏப்ரல் 28 அன்று வியட்நாம் போருக்கான படைச் சேர்க்கையை மறுத்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. ஒரு குத்துச்சண்டை வீரரின் உச்சப் பருவம். பட்டம் பறிபோனது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வளையத்திற்குள் கால்வைக்க முடியவில்லை. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தரவில்லை. இன்று அவருடைய படத்தைச் சுவரில் மாட்டும் நாம், அன்று அவருடைய மஹல்லாவில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “தம்பி, பிழைப்பைப் பார்” என்றுதான் சொல்லியிருப்போம் என அஞ்சுகிறேன்.

பில்கீஸ் அப்துல் காதிர் என்ற பெயரை நம் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பள்ளி அளவிலான கூடைப்பந்தில் ஆண், பெண் இருபாலாரின் சாதனையையும் முறியடித்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் குவித்தவர். ஹிஜாபோடு பல்கலைக்கழக அணிக்கும் ஆடினார். வெளிநாட்டில் தொழில்முறையாக ஆட முனைந்தபோது, பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி குறுக்கே நின்றது. தலையை மறைத்து ஆட அனுமதியில்லை. அவர் தலையாடையைக் கழற்றவில்லை, வீட்டில் முடங்கவுமில்லை. விதியை மாற்றக் கோரி ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார். மற்ற வீராங்கனைகளும் இணைந்தனர். 2017இல் விதி மாறியது. ஆனால் அவருக்கு உரிய காலம் கடந்துவிட்டிருந்தது. தாம் நுழைய முடியாத வாசலைப் பிற பெண்களுக்குத் திறந்துவிட்டு, அவர் சிறுமிகளுக்குப் பயிற்சியளிக்கும் பணியில் இறங்கினார். எதையும் எதிர்பாராமல் கொடுப்பதென்றால் என்னவென்று பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணின் வாழ்க்கையை அறிந்தபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது.

முஹம்மது சலாஹ் பற்றிய ஆய்வொன்றை நம்மவர்கள் அடிக்கடி பெருமையோடு எடுத்துக்காட்டுவர். அவர் 2017இல் லிவர்பூல் அணியில் சேர்ந்த பிறகு, அந்நகரம் அமைந்த மெர்சிசைடு பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் எதிர்பார்த்த அளவைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தன என்றும், அவ்வணி ரசிகர்களின் முஸ்லிம் எதிர்ப்புப் பதிவுகள் பாதியளவுக்குச் சரிந்தன என்றும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதினர். மகிழ்ச்சிதான். எனினும் எனக்குள் ஒரு நெருடல். கோல் அடித்தால்தான் நம்மை மனிதராக மதிப்பார்கள் என்றால், கோல் அடிக்காத நாளில் என்ன ஆகும்? அதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்ற இரவு, முஹம்மது ஷமி மீது இணையத்தில் பொழிந்த வசைகளை மறந்திருக்க மாட்டோம். அன்று அணித்தலைவர் விராட் கோலி செய்தியாளர் முன் வெளிப்படையாக ஷமிக்குத் துணைநின்றார். அதற்காக அவரும் வசை வாங்கினார்.

அதே ஷமியை 2025 மார்ச்சில், ரமளான் மாதத்தில் சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியின்போது மைதானத்தில் பானம் அருந்தினார் என்பதற்காகப் பாவியென்று பொதுவெளியில் சாடியவர் நம்மவரே. பயணிக்கு மார்க்கம் வழங்கிய சலுகையை எத்தனையோ ஆலிம்கள் உடனே எடுத்துரைத்தனர். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆனால் புண்படுத்திய சொல் பரவிய வேகத்தில் ஆறுதல் சொல் பரவவில்லை. நம் வீரர்கள் ஊருக்குத் திரும்பி வர வேண்டும், நம் பிள்ளைகளோடு நிற்க வேண்டும், நமக்காகப் பேச வேண்டும் என்று விரும்புகிறோம். அவர்கள் வரும்போது தாடியின் நீளத்தையும் சட்டையின் கையளவையும் அளந்துகொண்டு நின்றால் யார் வருவார்? இதைச் சொல்வதால் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். பொறுத்தருள்க.

ஒதுக்கப்பட்டவரும் ஊருக்குத் தந்ததுண்டு என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் சான்று. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையின் பேரில் பதக்கம் பறிக்கப்பட்டு, அந்தரங்கம் உலகறிய அலசப்பட்டது. பின்னொரு காலத்தில் செங்கற்சூளையில் கூலிக்கு நின்றார். உலகத்தின் மீது கோபம்கொள்ள அவரைவிட உரிமையுள்ளவர் யார்? அவரோ அரசு தந்த பரிசுத் தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். முறையாகப் பயிற்றுநர் படிப்பும் முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநரானார். தம்மைப்போல் இழிவுபடுத்தப்படும் வீராங்கனைகளுக்காகத் தொடர்ந்து பேசி வருகிறார். அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தும் வழக்கம் நம் வீடுகளில் இருக்குமானால், அதை விட்டொழிப்போம்.

இனி நம் ஊருக்குத் திரும்புகிறேன். செங்கோட்டை எல்லை ஊர். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த இவ்வூரில், மலைக்கு அப்பாலுள்ள ஆரியங்காவு, புனலூர்க் காற்று எப்போதும் வீசும். பந்தாட்டத்தின்மேல் நம் பிள்ளைகளுக்கு உள்ள பித்துக்கும் அதில் பங்குண்டு. ஆர்வத்திற்குக் குறைவில்லை. ஆனால் அஸருக்குப் பின் அந்த ஆர்வம் எங்கே போகிறது? கைப்பேசிக்குப் போகிறது. சில பிள்ளைகள் விஷயத்தில் அதைவிடக் கொடிய இடத்திற்குப் போகிறது. போதைப்பொருள் பற்றி ஜுமுஆ மேடையில் எச்சரிக்கிறோம், நன்று. எச்சரிக்கை முடிந்து வெளியே வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு, மாலை ஐந்து மணிக்குப் போக ஓர் இடமும், “ஏன் நேற்று வரவில்லை?” என்று கேட்க ஓர் ஆளும் வேண்டாமா? மாமா அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வராத பையனின் வீட்டுக்கே போய்விடுவார்.

நீச்சலையும் சொல்ல வேண்டும். அருவியூரில் வாழ்கிறோம், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அத்தகைய காட்டாற்று வெள்ளத்தில் நீச்சல் பயன்படாது. அங்கே வேண்டியது எச்சரிக்கையும் கட்டுப்பாடும்தான். ஆனால் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் குளத்திலும் கிணற்றிலும் பறிபோகும் உயிர்கள் வேறு. நீந்தத் தெரிந்த நான்கு இளைஞர் ஒரு மே மாதத்தைக் கொடுத்தால் ஒரு மஹல்லாவின் பிள்ளைகள் அனைவரும் மிதக்கக் கற்றுவிடலாம். பெண்பிள்ளைகளுக்குப் பெண்கள் கற்பிக்கும் ஏற்பாடு வேண்டும். இடமும் நேரமும் தனித்து ஒதுக்கினால் எந்தத் தாயும் மறுக்க மாட்டார் என்றே நம்புகிறேன். கல்லூரிக் காலத்தில் எறிபந்தும் பூப்பந்தும் ஆடி, திருமணத்தோடு மட்டையைப் பரணில் ஏற்றிவிட்ட சகோதரிகள் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை.

மறுப்புகளும் எனக்குத் தெரியும். விளையாட்டில் தொழுகை தவறுகிறது என்பர். தவறுகிறது, நானும் கண்டிருக்கிறேன். பாங்கு சொன்னதும் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவர் மைதானத்தில் இல்லாததால்தான் தவறுகிறது. ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டும் செயலிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பர். மெய்தான். அதே கைப்பேசி விளம்பரத்தில் புகழ்பெற்ற வீரர்களே வந்து அழைத்தார்கள் என்பது வெட்கக்கேடு. அந்தச் சூதை ஹராம் என்று உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் தம் அணிப் பிள்ளைகளிடம் நேரில் சொன்னால், நம் பத்துக் கட்டுரைகளைவிட அது ஆழப் பதியும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். மக்தபுக்கும் மையவாடிக்கும் நிலம் வக்ஃபு செய்த முன்னோர் வழியில், பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு துண்டு நிலத்தையும் எவரேனும் வக்ஃபு செய்ய முடியுமா என்பதை உலமாக்களோடு கலந்து பேசுங்கள். அதுவரை, இருக்கிற காலி மனையில் மாலை இரண்டு மணி நேரம் ஆட அனுமதி பெற்றுத் தந்தால் போதும். அடுத்த பாராட்டு விழாவில் மேடையில் பதினொரு நாற்காலி போடுவதானால், முதல் நாற்காலியைப் பயிற்றுநருக்குப் போடுங்கள்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களே, நீங்கள் விடுமுறையில் வரும் நாற்பது, ஐம்பது நாட்களில் திருமண விருந்துகளும் சொந்தக்காரர் வீடுகளும் வங்கி வேலையும் நிறைந்திருக்கும் என்பதை அறிவேன். வாரத்தில் இரண்டு மாலை போதும். மாமாவிடம் நான் பேசிவிட்டேன். வலையைக் கட்டவும் அவிழ்க்கவும் இரண்டு பேர், புதிதாக வரும் சிறுவர்களுக்குக் கைநிலை சொல்லித்தர ஒருவர். அவர் கேட்பது இவ்வளவே. தாம் ஒரு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வலை இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் ஓரிடம் எலி கடித்திருக்கிறது, தைத்துக்கொள்ளலாம்.